ஏழாம் பக்கத்தின் கடைசிப் பத்தி

டிசம்பர் 4

பொங்கலுக்கு இன்னும் நாற்பது நாள். வருஷத்தில் மற்ற மாதமெல்லாம் விற்கும் வெல்லத்தை ஒரு தட்டிலும் இந்த நாற்பது நாளில் விற்பதை இன்னொரு தட்டிலும் வைத்தால், என் தராசு சமமாகத்தான் நிற்கும். மதுரை ஆட்கள் மூன்று லாரிச் சரக்குக்கு இன்றே சொல்லிவிட்டார்கள். "பாவாயி மண்டி வெல்லம்னா பொட்டலத்தைப் பிரிச்சுக்கூடப் பார்க்க மாட்டாங்கக்கா" என்று தரகர் சொன்னார். பிரித்துப் பார்க்கிறார்கள். மஞ்சளாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள்.

ஆலையில் காலை நான்கு கொப்பரை இறக்கினோம். பாகு பதம் பார்க்க ஆறுச்சாமியண்ணனை விட்டால் இந்தக் காவிரிக்கரையில் ஆள் கிடையாது. இருபது வருஷமாக என் அடுப்பில் நிற்கிறார்.

காலை ஐந்தரைக்கு வழக்கம்போல வாத்தியார் பேப்பர் வாசித்தார். கல்யாணமான வருஷத்தில் இருந்து இதுதான் முறை. நான் தலை பின்னிக்கொண்டே கேட்பேன், என் வீட்டுக்காரர் வாசிப்பார். மேட்டூர் நீர்மட்டம், ஏல விலை, காலமானவர்கள், அப்புறம் மற்றது. முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்த குரல். எட்டாவதோடு நின்றுபோன எனக்கு உலகம் அந்தக் குரலில்தான் விடிகிறது.

மகளுக்குப் பெங்களூருக்கு வெல்லம் கட்டி அனுப்பினேன். வீட்டுக்கென்று தனியாகக் காய்ச்சிய சின்ன உருண்டை. பார்சல் கட்டும்போது வாத்தியார், "நம்ம பேத்திக்குக் கருப்பு, ஊருக்கு மஞ்சளா?" என்று கேட்டார். கயிற்றைக் கொஞ்சம் பிடிக்கச் சொன்னேன்.

டிசம்பர் 9

ஈரோடு போய் அஸ்கா எடுத்துவந்தேன். ஆலைக்காரி வெள்ளைச் சர்க்கரையை மூட்டை மூட்டையாக வாங்கினால் கடைக்காரன் ஆயிரம் கேள்வி கேட்பான். "தம்பி மகன் கல்யாணமுங்க, ரெண்டாயிரம் இலை விழுகும்" என்றேன். அவன் மொய் வைக்காத குறையாக வாழ்த்தினான். எனக்குத் தம்பியே கிடையாது.

கரும்புச் சாற்றை மட்டும் காய்ச்சினால் கட்டுபடியாவதில்லை. வெளுக்க வைக்கும் பொடி போடாவிட்டால் வெல்லம் மண் நிறத்தில் வரும், ஏலத்தில் சீந்த ஆளிருக்காது. ஊரில் எல்லா ஆலையிலும் இதுதான். நான் ஒருத்தி மட்டும் யோக்கியமாக இருந்து பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

சாப்பிடும்போது கல்யாணக் கதையைச் சொல்லிச் சிரித்தேன். வாத்தியார் சிரிக்கவில்லை. "போதும் பாவாயி, விட்டுரு" என்றார். மாத்திரை போட்டீங்களா என்று கேட்டேன்.

டிசம்பர் 13

'தினப்பொழுது' நிருபர் சந்திரமோகன் பொங்கல் வாழ்த்து விளம்பரம் கேட்டு மண்டிக்கு வந்தான். செய்தி சேகரிப்பதும் அவன்தான், விளம்பரம் பிடிப்பதும் அவன்தான். போன வருஷம் மண்டி வாசலில் என்னை நிற்க வைத்து எடுத்த படமே இருக்கிறதாம், அதையே போட்டுவிடலாமாம்.

டீ வாங்கிக் கொடுத்தேன். தொழில் ரகசியம் பேசினான். "செய்தி எழுதறது ஒரு கட்டுமானமுங்கக்கா. மொதப் பத்தி படிக்கிறவங்களுக்கு. நடுப் பத்தி அதிகாரிகளுக்கு. கடைசிப் பத்தி செய்தி கொடுத்தவருக்கு. அவரு என்ன சொல்ல ஆசைப்பட்டு வந்தாரோ, அதை மாத்தாம கடைசியில வச்சிருவோம். ஆபீஸ்ல இடம் பத்தாட்டி வாலைத்தான் வெட்டுவாங்க. வெட்டாம வந்துருச்சுன்னா அவரு அதிர்ஷ்டம்."

"அப்ப என்னைப் பத்தி எழுதுனா?"

"உங்களைப் பத்தி எழுத என்னக்கா இருக்குது? வாழ்த்துதான்."

அடுத்த வாரம் பார்க்கலாம் என்று அனுப்பினேன்.

டிசம்பர் 18

வாத்தியார் இன்றைக்குக் கொஞ்சம் வேகமாக வாசித்தார். மேட்டூர் எழுபத்தொன்பது அடி. அக்கரையில் ஒரு கவுண்டர் தவறிவிட்டார். "ஏழாம் பக்கம் பூராவும் விளம்பரம்" என்று திருப்பிவிட்டு, பேப்பரை மடித்து உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

ஒன்பதரைக்கு ஏலம். என் வெல்லச் சிப்பங்கள் வந்ததும் கூட்டம் டீக்கடைப் பக்கம் நகர்ந்துவிட்டது. முப்பது வருஷத்தில் என் சரக்குக்குக் கேட்க ஆளில்லாமல் ஏலக்காரர் வாயை மூடியதில்லை. பக்கத்து மண்டி பொன்னுரங்கம் வந்து மடித்த பேப்பரை என் கையில் வைத்தான்.

"இன்னும் பார்க்கலீங்களாக்கா? ஊரே படிச்சிருச்சு. உங்க வீட்டுலதான் வாத்தியார் இருக்கறாரே!"

ஏழாம் பக்கத்தில் விளம்பரம் ஒன்றுகூட இல்லை. மண்டி வாசலில் நான் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் இருந்தது. என் முகத்தை மட்டும் கறுப்புப் பட்டையால் மறைத்திருந்தார்கள். பெயர்ப் பலகையை மறைக்க மறந்துவிட்டார்கள். நான் காசு கொடுத்து எடுத்துக்கொண்ட படம்.

செய்தியை அப்படியே எழுதிவைக்கிறேன்.

"பொங்கல் வெல்லத்தில் ரசாயனமா? பொதுமக்கள் அதிர்ச்சி

செம்மேட்டுப்பாளையம், டிச. 18: பொங்கல் பண்டிகை நெருங்கும் நிலையில், செம்மேட்டுப்பாளையம் பகுதியில் தயாராகும் வெல்லத்தில் நிறத்துக்காக ரசாயனப் பொடி கலக்கப்படுவதாக எழுந்துள்ள புகார் பொதுமக்களிடையே அதிர்ச்சியை ஏற்படுத்தியுள்ளது.

இப்பகுதியில் பெண் ஒருவர் நடத்தி வரும் பிரபல மண்டிக்குச் சொந்தமான ஆலையில், கரும்புப் பாகுடன் வெள்ளைச் சர்க்கரையும் வெளுக்க வைக்கும் பொடியும் சேர்க்கப்படுவதாகக் கூறப்படுகிறது. இதற்கென, திருமண விருந்துக்கு எனச் சொல்லி வெளியூர்க் கடையில் சர்க்கரை மூட்டைகள் வாங்கப்படுகின்றன. அதேசமயம், தங்கள் வீட்டுத் தேவைக்கு மட்டும் எதுவும் கலக்காத வெல்லத்தைத் தனியாகக் காய்ச்சிக்கொள்வதாகவும் தெரிகிறது.

இதுகுறித்து அலுவலர் ஒருவரிடம் கேட்டபோது, 'புகார் வந்துள்ளது. ஆய்வு செய்து நடவடிக்கை எடுக்கப்படும்' என்றார்.

'மஞ்சளாக இருந்தால்தான் நல்ல வெல்லம் என்று நாம் கேட்பதால்தான் வியாபாரிகள் இந்த வழிக்குத் தள்ளப்படுகிறார்கள். உழைத்து முன்னுக்கு வந்தவர்களைக் குற்றவாளியாக்குவது நம் கண்தான். கருத்த வெல்லத்தைக் கூசாமல் வாங்க நாம் பழகினால், அவர்களும் நிம்மதியாகத் தூங்குவார்கள்' என்று சமூக ஆர்வலர் ஒருவர் கூறினார்."

வீட்டுக்கு வந்து வாத்தியாரிடம் பேப்பரைக் காட்டினேன். "கவனிக்கலையே" என்றார்.

வயசாகிறது அவருக்கும்.

டிசம்பர் 19

உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் வந்தார்கள். மண்டியிலும் ஆலையிலும் மாதிரி எடுத்து, அந்தப் பொட்டலங்களுக்குச் சீல் வைத்தார்கள். முடிவு வர இரண்டு வாரம். மரியாதையாகத்தான் பேசினார்கள். மதுரைக்காரர்கள் போனை எடுக்கவில்லை. மூன்று லாரியும் பொன்னுரங்கத்தின் வாசலில் நிற்கிறது.

இந்தப் பெயர் போனால் எனக்கு வேறு ஒன்றும் இல்லை. தலைச்சுமையாக அக்கரைச் சந்தைக்கு வெல்லக் கூடை சுமந்தபோது என்னைக் கூப்பிட ஒரு பெயர்கூட இல்லை, "ஏ கூடைக்காரி" என்பார்கள். இன்றைக்கு மதுரையில் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்கள். கேட்டார்கள்.

எவன் செய்தான் என்று தெரிந்தாக வேண்டும். வாத்தியாரைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்தேன். "நீங்க பசங்களுக்கு நடத்துவீங்களே, பேப்பரைப் பிரிச்சுப் படிக்கறது. அதை எனக்கு நடத்துங்க" என்றேன்.

"எதுக்கு பாவாயி, விடேன்."

"நடத்துங்க."

பேப்பரை வாங்கி மடியில் வைத்தார். அப்புறம் பாடம் என்று வந்ததும் அவருக்கு நிமிர்வு வந்துவிட்டது. சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டார்.

"தலைப்புல கேள்விக்குறி இருந்தா, உறுதியாச் சொல்லத் தைரியமில்லைன்னு அர்த்தம். பதிலைப் படிக்கிறவன் தலையில கட்டிட்டான். 'கூறப்படுகிறது'ன்னா சொன்ன ஆளை மறைக்கிறான். 'தெரிகிறது'ன்னா தெரிஞ்ச ஆளை மறைக்கிறான். முக்கியமானது ஒண்ணு. ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்திக் கேக்கணும்: உனக்கு இது எப்படித் தெரியும்? யாரெல்லாம் இதைச் சொல்லியிருக்க முடியும்? அந்தப் பட்டியலைப் போட்டுட்டே போனா, கடைசியில எல்லாப் பட்டியல்லயும் மிஞ்சறது ஒரே ஆளாத்தான்..."

அங்கே நிறுத்திவிட்டார். தொண்டை கட்டிவிட்டது என்று தண்ணீர் குடிக்கப் போனார்.

டிசம்பர் 20

சிவப்புப் பேனாவோடு நானே உட்கார்ந்தேன். சரக்கைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவளுக்கு எழுத்தைத் தட்டிப் பார்க்கவா தெரியாது?

"பொதுமக்களிடையே அதிர்ச்சி." செய்தி வந்த பிறகுதானே ஜனங்களுக்கு விஷயமே தெரியும்? வருவதற்கு முன்பே அதிர்ச்சி அடைந்தவர்கள் யார்? பொய்ச் சரக்கு. தள்ளினேன்.

"பிரபல மண்டி." அடிக்கப் போகிறவன் முதலில் மாலை போடுகிறான்.

பெண் ஒருவர், அலுவலர் ஒருவர், ஆர்வலர் ஒருவர். மூன்று 'ஒருவர்'. அதில் ஊருக்குத் தெரிந்தது நான் ஒருத்திதான். இந்த ஏழு ஊரில் மண்டி நடத்தும் பொம்பளை வேறு யார்?

"தங்கள் வீட்டுத் தேவைக்குத் தனியாகக் காய்ச்சிக்கொள்வதாக." இங்கே பேனா நின்றது. இது பொன்னுரங்கத்துக்குத் தெரியாது. சந்தைக்குத் தெரியாது. அந்தச் சின்னக் கொப்பரையை இறக்குகிறவருக்குத்தான் தெரியும்.

நேராக ஆலைக்குப் போனேன். "ஆறுச்சாமியண்ணா, நாளையிலிருந்து வர வேண்டாம்."

அவர் துடுப்பைப் பாகிலிருந்து எடுக்கவே இல்லை. "எதுக்குங்கம்மிணி?"

"பேப்பர்க்காரனுக்குக் கதை சொன்னீங்களே, அதுக்கு."

"எனக்குப் படிக்கவே தெரியாது. நான் எங்கெ போய்ப் பேப்பருக்குச் சொல்றது?"

"சொல்றதுக்குப் படிப்பு வேணுமா?"

 அந்தக் கொப்பரை பதத்துக்கு வரும்வரை நின்றார். இறக்கி, அச்சில் ஊற்றிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

வீட்டில் சொன்னபோது வாத்தியாருக்கு முகம் வெளுத்துவிட்டது. "அவரை நிறுத்தாதே பாவாயி."

"ஏன்?"

"அவரா இருக்காது."

"அப்ப யாரு?"

தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். இரக்க சுபாவம் அவருக்கு.

டிசம்பர் 21

ஆலையில் புகை இல்லை.

டிசம்பர் 23

சந்திரமோகன் வந்தான். கூச்சமே இல்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மனசுல வச்சுக்காதீங்கக்கா. செய்தி வேற, பழக்கம் வேற. மறுப்புப் போட்டறலாமுங்க. என்ன, மறுப்பைத் தனியாப் போட்டா மூலையில நாலு வரிதான் கிடைக்கும். பொங்கல் வாழ்த்தோட சேர்த்து அரைப் பக்கமாப் போட்டோம்னா..."

"குத்தினவனே மருந்துக்கடையும் வச்சிருக்கறயா?"

சிரித்தான். கெட்டவன் இல்லை, வயிற்றுப் பிழைப்பு. யார் கொடுத்தது என்று கேட்டேன். கையைக் கூப்பிவிட்டான். "அதை மட்டும் கேக்காதீங்கக்கா. சொன்னா நான் தொழில் பண்ண முடியாது. ஒண்ணு சொல்றேன், அவரு உங்க பேரைப் போடச் சொல்லலை. படமும் தரலை. அதெல்லாம் நாங்களா வச்சது."

'அவரு' என்றான், மரியாதையாக.

நாளைக்குள் மறுப்பு எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

டிசம்பர் 24

மறுப்பு எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு வரியாக மறுக்க வேண்டும். பொடி கலக்கவில்லை என்று எழுத வேண்டும். கலக்கிறேன். அஸ்கா சேர்க்கவில்லை என்று எழுத வேண்டும். சேர்க்கிறேன். வீட்டுக்குத் தனியாகக் காய்ச்சவில்லை என்று எழுத வேண்டும். பேத்தி போனில் "கருப்பு வெல்லம் சூப்பர் அம்மாயி" என்றாள். இந்தச் செய்தியில் பொதுமக்களின் அதிர்ச்சியைத் தவிர எல்லாம் நிஜம். ஒரு வாரமாகப் பிரித்துப் பிரித்துப் பார்த்தவள் இதை மட்டும் பார்க்காமல் வைத்திருந்தேன்.

சரி. பொய்யைத் தேடுவதை விட்டுவிட்டு ஆளைத் தேடினேன்.

சந்திரமோகன் சொன்ன கடைசிப் பத்தி. அதைப் பத்துத் தடவை படித்தேன். என்னைக் கெடுக்க வந்தவன் இப்படியா எழுதச் சொல்வான்? பொன்னுரங்கமாக இருந்தால் உரிமத்தை ரத்து செய்யச் சொல்லியிருப்பான். வேலையாளாக இருந்தால் தன் கஷ்டத்தைச் சொல்லியிருப்பார். இது எனக்காகப் பரிந்து பேசுகிறது. "உழைத்து முன்னுக்கு வந்தவர்கள்." "நிம்மதியாகத் தூங்குவார்கள்." நான் சரியாகத் தூங்குவதில்லை என்பது சந்தைக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் அந்தச் சர்க்கரை வரி. கல்யாணம் என்று நான் சொன்னது ஈரோட்டுக் கடைக்காரனிடம். அவனுக்கு என் ஊரும் தெரியாது, ஆலையும் தெரியாது. வேன்காரன் வெளியே நின்றான். ஆறுச்சாமியண்ணன் மூட்டையைப் பார்த்தார், கல்யாணக் கதையை அவரிடம் நான் சொன்னதில்லை.

அந்தக் கதையை நான் ஒரே ஒரு இடத்தில்தான் சொல்லிச் சிரித்தேன்.

மறுப்பு எழுதவில்லை.

டிசம்பர் 25

தலைவலி. வாத்தியார் தைலம் தேய்த்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். கை அதே கைதான்.

டிசம்பர் 26

காலை ஐந்தரை. வாத்தியார் இன்றைய பேப்பரைப் பிரித்தார். "அது இருக்கட்டும்" என்று சொல்லி, பதினெட்டாம் தேதிப் பேப்பரை அவர் மடியில் வைத்தேன். "ஏழாம் பக்கம் வாசிங்க. அன்னைக்கு விட்டுப்போச்சு."

என்னைப் பார்த்தார். நான் தலை பின்னிக்கொண்டிருந்தேன். வாசித்தார். தலைப்பு, முதல் பத்தி, பெண் ஒருவர், திருமண விருந்து, அலுவலர் ஒருவர். பாடம் நடத்தும் குரல் இல்லை. பரீட்சை எழுதும் பிள்ளையின் குரல்.

கடைசிப் பத்தி வந்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே வாசித்தார். "மஞ்சளாக இருந்தால்தான் நல்ல வெல்லம் என்று நாம் கேட்பதால்தான்" என்று தொடங்கி, "நிம்மதியாகத் தூங்குவார்கள்" வரைக்கும் ஒரு வார்த்தை தவறவில்லை.

கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தன் கை ரேகைகூடத் தெரியாது.

வாசித்து முடித்த பிறகுதான் கையிலிருந்த கண்ணாடியை அவரே பார்த்தார்.

"நல்லா எழுதியிருக்கறீங்க" என்றேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "பேரு வரக் கூடாதுன்னு சொல்லித்தான் கொடுத்தேன் பாவாயி. பொதுவா எழுதறேன்னு சொன்னான். படம் போடுவான்னு எனக்குத் தெரியாது" என்றார்.

"பசங்களுக்கு முப்பத்திரண்டு வருஷம் சொல்லிக் கொடுத்தீங்க, பேப்பர்க்காரன் எப்படி எழுதுவான்னு. உங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலையா?"

"நான் மூணு தடவை உன்கிட்டச் சொன்னேன்."

"எப்பச் சொன்னீங்க?"

"சொன்னேன்."

"ஆறுச்சாமியண்ணன் துண்டை உதறிப் போட்டுட்டுப் போனாரே. அன்னைக்கு உங்களுக்கு வாய் இருந்துச்சா இல்லையா?"

அதற்குத்தான் அவர் அழுதார். "பயந்துட்டேன்" என்றார்.

செய்தி கொடுத்ததைக்கூட ஒரு கணக்கில் நேர் செய்துவிடலாம். ஆறு நாள். ஆறு நாள் எதிரே உட்கார்ந்து என் தட்டில் சோறு தின்றுகொண்டு, இன்னொருத்தர் தலையில் பழி விழுந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாரே. அன்றாடம் காலையில் எனக்கு உலகத்தை வாசித்த வாய். இத்தனை வருஷத்தில் எத்தனை ஏழாம் பக்கத்தை இப்படித் திருப்பினாரோ, யார் கண்டது.

டிசம்பர் 27

ஆறுச்சாமியண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலில் கட்டிலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. இருபது வருஷத்தில் முதல் தடவை.

"தப்பு என்னுதுங்கண்ணா. நீங்க சொல்லலை."

"அது எனக்கு முன்னாடியே தெரியுமுங்களே. உங்களுக்குத் தெரியறதுக்குத்தான் ஒரு வாரம் ஆச்சு."

"வேலைக்கு வாங்க."

"யாரு சொன்னதுன்னு தெரிஞ்சுதுங்களா?"

"தெரிஞ்சுது."

என் முகத்தைப் பார்த்தார். பாகைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார். கயிற்றை ஓரமாக வைத்தார். "வர்றனுங்க. பொடி டப்பாவை நான் தொட மாட்டேன். கருப்பா வந்தா கருப்பாத்தான் வரும். அந்த எழவைப் போடறப்பல்லாம் மூக்கு எரியுது, இருமி இருமி நெஞ்சு போச்சு. உங்ககிட்டச் சொன்னா, 'அடுப்புக்குக் கிட்ட நிக்காதீங்க'ம்பீங்க."

அதுவும் எனக்கு ஞாபகம் இல்லை.

டிசம்பர் 31

டைரி முடிகிறது. மூன்று தடவை சொன்னேன் என்றாரே, பொய்யாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, சிவப்புப் பேனாவோடு என் டைரியையே புரட்டினேன்.

அக்டோபர் 27. ஒரு பக்கம் முழுக்க லாரி வாடகை பற்றி. கடைசி வரி: "வாத்தியார் வெல்லத்தின் நிறம் பற்றி ஏதோ பேச வந்தார். லாரி வந்துவிட்டது."

டிசம்பர் 4. கடைசி வரி: "கயிற்றைக் கொஞ்சம் பிடிக்கச் சொன்னேன்."

டிசம்பர் 9. கடைசி வரி: "மாத்திரை போட்டீங்களா என்று கேட்டேன்."

மூன்று தடவை. என் கையெழுத்து.

எல்லாப் பக்கத்திலும் தலைப்பில் சரக்கு, நடுவில் சந்தை, வாலில் அவர். இடம் பத்தாதபோது வெட்டுகிற இடத்தில்தான் அவரை வைத்திருக்கிறேன்.

அதற்காக அவர் செய்தது சரியாகிவிடாது. அதையும் எழுதிவைக்கிறேன்.

ஜனவரி 3

சாக்கு வியாபாரி இந்த வருஷம் டைரி கொண்டுவரவில்லை. பொன்னுரங்கத்துக்குக் கொடுத்தானாம். கடையில் வாங்கினேன்.

மாதிரி முடிவு வந்தது. பொடி இருக்கிறது. அபராதம் கட்டச் சொன்னார்கள், கட்டுவேன். குடோனில் இருந்த மஞ்சள் வெல்லத்தை எல்லாம் மாட்டுக்குக்கூடப் போடாமல் அழித்தார்கள். பக்கத்தில் நின்று பார்த்தேன். பேப்பரில் வந்தது, நான்கு வரி. இந்தத் தடவை 'கூறப்படுகிறது' இல்லை.

ஜனவரி 6

சந்திரமோகனிடம் விளம்பரம் கொடுத்தேன். படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"இதென்னக்கா, வாழ்த்துமில்லாம மறுப்புமில்லாம? 'பாவாயி மண்டியில் பொடியும் சர்க்கரையும் கலந்து விற்றோம். நிறுத்திவிட்டோம். இந்த வருஷ வெல்லம் கருப்பாக இருக்கும்.' யாராவது காசு கொடுத்து இதைப் போடுவாங்களா?"

"'கூறப்படுகிறது' எங்காவது இருக்குதா பாரு."

"இல்லீங்க."

"அப்படியே போடு. வாலை வெட்டாம."

ஜனவரி 11

கருப்பு வெல்லம் ஏலத்துக்கு வந்தது. பாதிதான் போனது. மதுரைக்காரர்கள் வரவில்லை. கரூரில் இருந்து ஒருவர் வந்து, ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அறுபது சிப்பம் எடுத்தார். பொன்னுரங்கம் தன் ஆலையில் பொடியை ஒளித்து வைத்திருப்பதாகக் கேள்வி. பேப்பர்க்காரனிடம் சொல்ல எனக்கும் நாக்கு அரித்தது. சொல்லவில்லை. நேரே போய் அவனிடமே சொன்னேன். "உங்க சோலியைப் பாருங்கக்கா" என்றான். பார்க்கிறேன். ஒரு தடவை சொல்லியாகிவிட்டது.

ஜனவரி 14

பொங்கல். மகளும் பேத்தியும் வந்திருக்கிறார்கள். எல்லாப் பானையிலும் ஒரே வெல்லம். பொங்கல் செம்மண் நிறத்தில் வந்தது. ஆறுச்சாமியண்ணன் வீட்டுக்கு முதல் கிண்ணம் போனது.

வாத்தியாரும் நானும் பத்தொன்பது நாளாகத் தேவைக்கு மேல் பேசுவதில்லை. காலை ஐந்தரைக்கு அவர் பேப்பரை எடுத்துவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொள்கிறார். நான்தான் வாசிக்கிறேன். நிறுத்தி நிறுத்தி, சத்தமாக. எந்தப் பக்கத்தையும் விடுவதில்லை. மேட்டூர் எழுபத்திரண்டு அடி. ஓரிடத்தில் தடுமாறினேன். அவர் உதடு அசைந்தது, சொல்லித் தரவில்லை. காத்திருந்தார். நானே படித்துவிட்டேன்.

மன்னித்துவிட்டேனா என்று மகள் கேட்டாள். தெரியாத சரக்குக்கு விலை சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

இந்த டைரியை இன்றைக்கு மூடி வைக்கப் போவதில்லை. அவருடைய கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் இந்தப் பக்கத்தை விரித்தே வைக்கிறேன். கடைசிப் பத்தி செய்தி கொடுத்தவருக்கு என்பது தொழில் மரியாதை. அதனால் இது அவருக்கு:

மூணு தடவை சொன்னீங்க, நான் கேக்கலை. ஒத்துக்கறேன். நாலாந்தடவையும் என்கிட்டயே சொல்லியிருக்கலாம்.